அந்த வக்கீல் யாருடைய ஆள்?

கேள்வி:

மேடம், வணக்கம். நான் கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறேன், மென்பொருள் வேலை பார்க்கிறேன். 2015 வெள்ளத்தின்போது நண்பர்கள் சேர்ந்து ஒரு செயலி எழுதினோம். எந்தத் தெருவில் யாருக்கு என்ன தேவை, எதைக் கொடுத்தாயிற்று, எது பாக்கி என்று தமிழிலேயே பதிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த மழை, புயல் ஒவ்வொன்றுக்கும் அதைத் தூசி தட்டி, சரிசெய்து பயன்படுத்தி வருகிறோம். இதுவரை 11 பேர் அதில் கோடு (நிரல்) எழுதியிருக்கிறோம். முதல் வாரத்திலேயே எங்களில் ஒருவர் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். செயலியை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர் அதன் கோடையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிற உரிமம் அது. அன்று யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு நிறுவனம், "இதை எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றிக் கொடுத்தால் நாங்கள் எடுத்துப் பராமரிக்கிறோம்" என்கிறது. எம்.ஐ.டி. என்பது யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற தளர்வான உரிமம். நிறுவனம் கேட்டதைப் பற்றிப் பேச மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடினோம். எங்களில் ஒருவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரும் காசு எதுவும் வாங்காமல் வந்தார். 11 பேரில் 3 பேரிடமிருந்து பதிலே இல்லை. அவர்களில் ஒருவருக்குப் பரங்கிப்பேட்டையில் வீடு, மற்ற இருவர் வெளிநாட்டில். "மெயில் போடுவோம், 15 நாளில் பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கலாம்" என்று நாங்கள் சொன்னோம். வக்கீல் "செல்லாது" என்றார். ஏன் என்று கேட்டால் ஒரு பிரிவு எண்ணைச் சொன்னார். "வக்கீல்னா முடியாதுன்னுதான் சொல்வாங்க" என்று எங்களில் இளைய பையன் ஒருவன் சொல்லிவிட்டான். அவரும் பதிலுக்கு, "கோடு எழுதறவங்க கோடு எழுதுங்க, சட்டத்தை எங்ககிட்ட விடுங்க" என்றார்.

மூன்றாவது கூட்டம் முடியும் நேரத்தில்தான், அதே நிறுவனத்தின் புதுச்சேரி ஆபீஸுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது தான்தான் என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். அதோடு எல்லாம் முடிந்தது. இனி வக்கீலே வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர் சொன்னது சரியா? சட்டம் தெரியாத நாங்கள் சட்டம் தெரிந்த ஒருவரை எதை வைத்து நம்புவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது சரி. ஆனால் உங்களுக்குக் கோபம் வந்ததிலும் தவறில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப் பார்க்கிறேன்.

சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படிக்கிற ஒரு வழக்கு உண்டு. 1862, இங்கிலாந்து. ஃபெல்ட்ஹவுஸ் என்று ஒருவர். தன் சகோதரர் மகனிடம் ஒரு குதிரையை விலைக்குக் கேட்கிறார். விலையில் சின்னக் குழப்பம். கடைசியில் அவர் ஒரு கடிதம் எழுதுகிறார்: இதற்கு மேல் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால், 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன். பையன் பதில் போடவில்லை. கொடுத்துவிடத்தான் மனதுக்குள் நினைத்திருந்தான். ஆனால் பையனின் பொருள்களை ஏலம் விட்ட ஏலக்காரர் தவறுதலாக அந்தக் குதிரையை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குதிரை ஃபெல்ட்ஹவுஸுடையது ஆகவே இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஒருவரின் மௌனத்தைச் சம்மதமாக மாற்றும் அதிகாரம் கடிதம் எழுதியவருக்குக் கிடையாது என்பதுதான் காரணம். உங்கள் 15 நாள் மெயிலும் அந்தக் கடிதம்தான். அது போக, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 30, உரிமம் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. பதில் வராததை எழுத்து என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் உலகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2017 மார்ச்சில் அவர்கள் தங்கள் பழைய உரிமத்தை விட்டு அப்பாச்சி 2.0 என்ற உரிமத்துக்கு மாற முடிவுசெய்து, பங்களித்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு மெயில் அனுப்பினார்கள். உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. பெரிய சண்டை வந்தது. அந்த வரியைப் பார்த்துக் கொதித்தவர்களில் பெரும்பாலானவர்கள் வக்கீல்கள் இல்லை, உங்களைப் போலக் கோடு எழுதுகிறவர்கள். என் உழைப்பைப் பற்றி என்னிடம் கேட்காமல் எப்படி முடிவெடுக்கலாம் என்ற கேள்விதான் அவர்களுக்கு. புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில். மெயில் போனதிலிருந்து நான்கு வருடத்துக்கும் மேல்.

இந்த இரண்டு கதைகளையும் உங்கள் வக்கீல் சொல்லியிருந்தால் அன்று சண்டை வந்திருக்குமா? எனக்குத் தெரிந்து வந்திருக்காது. அவர் சொன்னது பிரிவு எண். எங்கள் தொழிலில் பிரிவு எண்ணைச் சொன்னால் எதிரே இருக்கும் வக்கீலுக்கு முழு வாதமும் புரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், சட்டம் படிக்காதவர்களிடமும் எண்ணைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கேட்கிறவருக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகத்தான் கேட்கும்.

நானும் அப்படிச் சாத்தியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு சிறிய நிறுவனம், தங்கள் மென்பொருளை விற்கும் முன் உரிமங்களைப் பார்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. அவர்கள் பயன்படுத்திய கம்பைலர், அதாவது எழுதிய கோடைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி, ஜி.சி.சி. அது ஜி.பி.எல். உரிமத்தில் வருவது. அப்படியானால் அதை வைத்து உருவாக்கியதும் ஜி.பி.எல்.-க்குள்தான் வரும் என்று சொன்னேன். அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "இல்ல மேடம், அது கருவிதான், நம்ம கோடு அதுல சேராது, அதுக்குத் தனியா விதிவிலக்கே கொடுத்திருக்காங்க" என்றான். "சட்டம் அப்படிப் பார்க்காது தம்பி" என்றேன். அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆவணங்களை எடுத்துப் படித்தபோது தெரிந்தது, அவன் சொன்னது முழுக்கச் சரி. ஜி.சி.சி.-யின் இயக்க நூலகங்களுக்கு (கடைசிப் பொருளோடு சேர்ந்து போகும் துணைக் கோடு) எழுத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. மறுநாள் போய் அவனிடமும் முதலாளியிடமும் சொன்னேன். ஆனால் அவன் அன்றே பேசியிருந்தால் அந்த ஒரு நாள் பதற்றம் அவர்களுக்கு இருந்திருக்காது. அவன் பேசாததற்கு நான்தான் காரணம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

அன்று நான் செய்த தவறு சட்டத்தில் இல்லை. கம்பைலர் என்ன செய்கிறது, எந்த வரி கடைசிப் பொருளுக்குள் போகிறது என்பது தொழில்நுட்ப உண்மை. அது தெரிந்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். தெரியாத விஷயத்தை நான் என் கறுப்புக் கோட்டை வைத்து மூடிவிட்டேன். உரிமத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இது வரும். சட்டக் கேள்வி என்று நாம் நினைப்பதில் பாதி, நிஜத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வி.

சரி, உங்கள் செயலிக்கு வருகிறேன். அந்த 3 பேருடைய கோடு இன்றைக்கு எத்தனை வரி மிச்சம் இருக்கிறது? கிட் பிளேம் (எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தீர்களா? 2015-இல் எழுதியதில் பெரும்பகுதியை இதற்குள் மாற்றியிருப்பீர்கள். மிச்சம் இருப்பது ஒரு திரையும் இரண்டு சின்னச் செயல்கூறுகளும்தான் என்றால், அவற்றைப் பார்க்காமல் புதிதாக எழுதிவிடலாம், பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். எந்த வக்கீலாலும் இதை உங்களுக்குச் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே மாதிரி, நீங்கள் நினைத்தே பார்த்திருக்காத ஒன்றை வக்கீல்தான் கேட்பார்: 11 பேரில் அப்போது வேலையில் இருந்தவர்கள் யார், அவர்களின் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17-இன்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதியது பொதுவாக அதில் வராது. ஆனால் சில நியமனக் கடிதங்கள் அதையும் வளைத்துப் போட்டிருக்கும். அப்படி இருந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் நண்பர் இல்லை, அவருடைய பழைய கம்பெனி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. நிறுவனம் எம்.ஐ.டி. வேண்டும் என்றது. உடனே நீங்கள் எப்படி மாற்றுவது என்று பேச ஆரம்பித்தீர்கள். வக்கீல் மாற்ற முடியாது என்று பேச ஆரம்பித்தார். எதற்காக மாற்ற வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில் அந்த நிறுவனத்துக்கு எது தடை? தங்கள் கணினியில் ஓட்டுவதற்குத் தடை கிடையாது. தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் மாற்றங்களை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சேவைக்குக் காசு வாங்கலாம், பிரதிக்கும் காசு வாங்கலாம். மாற்றிய செயலியைத் தன்னார்வலர்களின் போன்களில் ஏற்றிக் கொடுத்தால் மட்டும், அதன் மூல நிரலையும் அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அதுதான் அவர்களுக்குச் சிக்கல் என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு, எந்த வேலைக்கு இடைஞ்சல், அவ்வளவு போதும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களிடம் வெள்ளக் காலத்துச் செயலியை ஒப்படைக்க நீங்கள் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். அடுத்த மழைக்கு வேறு யாரோ இதை எடுத்து மேம்படுத்தினால், அந்த மேம்பாடு கடலூருக்குத் திரும்பி வர வேண்டும் என்று உங்களுக்கு ஆசையா? அப்படியானால் 2015-இல் படிக்காமல் போட்ட உரிமமே உங்களுக்குச் சரியாக இருக்கலாம். யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாலு பேருக்கு உதவினால் சரி என்றால் எம்.ஐ.டி. நல்லது. இந்த முடிவு உங்கள் 11 பேருடையது. இதில் வக்கீலுக்கு உங்களில் ஒருவர் அளவுக்குத்தான் சொல் உண்டு, அதுவும் அவர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால்.

அடுத்தது, அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி. உங்கள் கூட்டத்தை உடைத்தது இதுதான்.

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 14-ஆவது விதி இப்படிச் சொல்கிறது: ஒரு வழக்கை ஏற்கும் தொடக்கத்திலேயே, சம்பந்தப்பட்டவர்களோடு தனக்குள்ள தொடர்பையும் அந்த விஷயத்தில் தனக்குள்ள அக்கறையையும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் முழுமையாகவும் ஒளிக்காமலும் சொல்லிவிட வேண்டும். 'தொடக்கத்திலேயே' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் உங்களிடம் ஃபீஸ் வாங்கவில்லை, வக்காலத்து எதுவும் நீங்கள் போடவில்லை, அதனால் நீங்கள் தன் கட்சிக்காரர் இல்லை என்று அவர் நினைத்திருப்பார். ஒரு வாடகை ஒப்பந்தம்தானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றும் தோன்றியிருக்கும். விதியின் எழுத்துப்படி அவர் தவறு செய்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்தவுடன், டீ வருவதற்கு முன் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அவர் உங்களுக்குச் சொன்ன யோசனை அந்த நிறுவனத்துக்கு எதிரானது. நிறுவனத்துக்காகப் பேச வந்தவராக இருந்தால், 15 நாள் மெயில் போதும், சீக்கிரம் மாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். நேர்மையாகத்தான் நடந்திருக்கிறார். அப்படியிருந்தும், தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்தால் அவர் சொன்ன சரியான விஷயமும் உங்களுக்குச் சந்தேகமாகத் தெரிகிறது. இதை அவரிடமே சொல்லுங்கள். வக்கீல்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எங்கள் சொல்லை நீங்கள் சரிபார்க்க முடியாது. நாங்கள் யார், எங்கிருந்து பேசுகிறோம் என்பதை மட்டும்தான் உங்களால் பார்க்க முடியும். அதையும் மறைத்தால் பிடித்துக்கொள்ள உங்களுக்கு எதுவுமே இல்லை.

அதே நேரம், வக்கீல் சில விஷயங்களைப் பேச மறுத்தால் அதைத் திருட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்சிக்காரர் எங்களிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். 1872-ஆம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் பிரிவு 126-இல் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. "அந்த நிறுவனத்துக்கு நான் வேலை செய்திருக்கிறேன், என்ன வேலை என்பதற்கு மேல் சொல்ல முடியாது" என்று ஒருவர் சொன்னால், அது நேர்மையான பதில்.

"இது சட்ட ஆலோசனை இல்லை, என் கருத்து" என்று வக்கீல்கள் அடிக்கடி சொல்வோம். நழுவுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு கோப்பிலும் என்ன எழுதுகிறீர்கள்? எம்.ஐ.டி. உரிமத்தின் கடைசிப் பத்தியில், முழுக்கப் பெரிய எழுத்தில், இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று இருக்கிறது. அமெரிக்க வணிகச் சட்டத்தில் உத்தரவாத மறுப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, பெரிய எழுத்து அதற்காக வந்தது. காசு வாங்காமல் கொடுக்கிற பொருளுக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் அதே வேலியைத்தான் காசு வாங்காமல் பேசுகிற வக்கீலும் போட்டுக்கொள்கிறார். உங்கள் கோடு அதனால் பொய்யாகிவிடவில்லை. அவர் பேச்சும் அப்படித்தான்.

சொற்களால் வரும் சண்டைகள் தனி. காப்புரிமை என்று உங்களில் ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பதிப்புரிமை. வக்கீல் காதில் அது கண்டுபிடிப்புக்கான உரிமையாக விழுந்திருக்கலாம். நம் பத்திரிகைகளே இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைப் போடுகின்றன. அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகு, இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது தெரியவரும். நான் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனை என்ற சொல்லும் அப்படித்தான், ஆனால் இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ராபர்ட் ஜேக்கப்சன் என்று பெர்க்லியில் ஓர் இயற்பியல் பேராசிரியர். பொம்மை ரயில்களைக் கணினியால் ஓட்டும் மென்பொருள் ஒன்றைப் பலரோடு சேர்ந்து எழுதி, ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தில் வெளியிட்டார். அந்த உரிமம் பெர்ல் என்ற கணினி மொழியை உருவாக்கிய லாரி வால் எழுதியது, எந்த வக்கீலும் எழுதியதல்ல. தெளிவாக இல்லை என்று பலர் குறை சொன்ன உரிமம். அதிலிருந்து கோப்புகளை எடுத்து, யாருடையது என்ற குறிப்பு இல்லாமல் ஒரு நிறுவனம் பயன்படுத்தியது. வழக்கு வந்தது. உரிமத்தில் உள்ளவை வெறும் வாக்குறுதிகளா, இல்லை உரிமையே அவற்றைச் சார்ந்து நிற்கும் நிபந்தனைகளா என்பதுதான் கேள்வி. கீழ் நீதிமன்றம் ஜேக்கப்சனுக்கு எதிராகப் போனது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 'இன்ன நிபந்தனையின் பேரில்' என்று பொருள்படும் இரண்டே சொற்கள் அந்த உரிமத்தில் இருந்தன. அந்தச் சொற்கள் நிபந்தனையைக் குறிப்பவை, அதை மீறினால் பதிப்புரிமை மீறல் என்ற கேள்வியே எழும் என்று நீதிமன்றம் சொன்னது.

இஃப் கண்டிஷன் எழுதத் தெரிந்தவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். நிபந்தனை பொய்யானால் உள்ளே இருக்கும் வரி ஓடாது, அனுமதி இல்லை. வாக்குறுதி என்றால் வரி ஓடிவிடும், அப்புறம் நஷ்ட ஈடுதான் கேட்க முடியும். சட்டம் படிக்காதவர் எழுதிய வரி நீதிமன்றத்தில் நின்றது என்பதை வக்கீல்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்த இரண்டு சொற்கள் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் பையன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதுச்சேரியில் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை உங்களுக்குத் தருகிறேன். இங்கே பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள் இன்னும் வழக்குகளில் வரும். சொத்து தமிழ்க் குடும்பத்துடையது, பத்திரம் பிரெஞ்சில். நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் அதை வரி வரியாகக் கட்சிக்காரருக்குத் தமிழில் சொல்வார். சொல்லிவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பார். கட்சிக்காரர் திருப்பிச் சொல்லும்போது எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். சில நேரம் பிசகு சீனியருடையதாகவே இருக்கும், ஏனென்றால் எந்தத் தோட்டம், எந்தக் கிணறு என்பது கட்சிக்காரருக்குத்தான் தெரியும்.

உங்கள் கூட்டத்திலும் இதைச் செய்யுங்கள். உரிமத்தை ஒரு பத்தி எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எழுதுகிறவர் அதைத் தமிழில் சொல்லட்டும். வக்கீல் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கே சரி, எங்கே பிசகு என்று சொல்லட்டும். பிசகு என்றால் காரணத்தோடு. எம்.ஐ.டி. உரிமத்தை இப்படிப் படித்தால், எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டில் என்று அதில் ஒன்றும் இல்லை என்பது உங்கள் கண்ணில் படும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19, காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளச் சொல்கிறது. பிரிவு 30ஏ அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அதனால்தான் எங்களில் சிலர் எம்.ஐ.டி.-யைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குகிறோம். அப்பாச்சி 2.0-இல் என்றென்றைக்கும், உலகம் முழுவதும் என்று எழுத்திலேயே இருக்கிறது. அந்த நிறுவனத்துக்குத் தளர்வான உரிமம்தான் வேண்டும் என்றால் அப்பாச்சி போதுமா என்று கேட்கலாம். பிரான்சில் மூன்று ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் செசில் என்று தங்களுக்கென ஓர் உரிமமே எழுதிக்கொண்டதற்கும் காரணம் இதே மாதிரிதான், அமெரிக்காவில் எழுதியது அவர்கள் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்று நினைத்தார்கள்.

நீங்கள் வைத்திருக்கும் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பே இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதுதான். 2006 ஜனவரியில் முதல் வரைவு, 2007 ஜூன் 29-இல் முடிவான வடிவம். ஜி.பி.எல்.-ஐத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லனும் முன்னே நின்றார்கள். குழுக்களில் நிரலாளர்கள், நிறுவனங்கள், வக்கீல்கள் எல்லோரும் இருந்தார்கள். விநியோகம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் ஒவ்வொரு பொருள் இருப்பதால், அதைத் தவிர்த்து வேறு இரண்டு சொற்களை எடுத்து, அவற்றுக்கு உரிமத்துக்குள்ளேயே பொருள் எழுதினார்கள். அவ்வளவு செய்தும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது பிடிக்கவில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. ஒத்துப்போகாமல் இருப்பதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உங்கள் கூட்டத்திலும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். யார் என்ன காரணத்துக்காக மறுக்கிறார் என்பது மற்றவருக்குப் புரிந்தால் போதும்.

ஆகவே வக்கீலை விலக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு கூப்பிடுங்கள். "சட்டத்தை எங்ககிட்ட விடுங்க" என்று அவர் சொன்னதை அவர்தான் முதலில் திரும்பப் பெற வேண்டும். பையன் சொன்னதும் தவறுதான். ஆனால் அந்த அறையில் பிரிவு எண் தெரிந்தவர் அவர், வயதிலும் மூத்தவர், அதனால் முதல் அடி அவருடையது. கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலுக்குச் சொன்னதாக இருக்கட்டும். அப்புறம் உங்கள் பையனும் சொல்லட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நிறுவனத்தோடு கடைசியில் ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தால், அதை எழுதுகிறவர் வேறு வக்கீலாக இருக்கட்டும், ஃபீஸ் கொடுத்தே வையுங்கள். இது இவர் மேல் சந்தேகத்தால் சொல்வது இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர் ஒரு பக்கத்துக்கு எழுதினால், நாளைக்கு ஒரு வரி உங்களுக்குப் பாதகமாகப் போனாலும் அவர் பெயர்தான் கெடும். இவரே அதை ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 3 பேருக்கும் கடிதம் எழுதும்போது உரிமப் பெயரோடு தொடங்காதீர்கள். 2015-இல் அவர் எழுதிய பகுதி எது, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, எந்தெந்த மழைக்குப் பயன்பட்டது என்று முதலில் எழுதுங்கள். பிறகு என்ன மாற்ற நினைக்கிறீர்கள், யார் கேட்கிறார்கள், அவருக்கு விருப்பம் இல்லை என்றால் அவர் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட ஒரு பக்கத் தாள் தனியாக. வெளிநாட்டில் இருக்கும் இருவருக்கும் அவர்களைத் தெரிந்த யாராவது ஒருவர் போனில் பேசட்டும். பரங்கிப்பேட்டைக்காரர் வீட்டுக்கு மெயில் எதற்கு? காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் பையனும் அந்த வக்கீலும் சேர்ந்தே போய் வரட்டும். அவர் எழுதிய கோடு எதைச் செய்கிறது என்று பையன் சொல்லட்டும், கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லட்டும்.